பச்சோந்திக்குப் பிசிறு வெட்டியவர்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் கால்நடை டாக்டர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாக இருப்பு இல்லை. சர்வீஸில் இருந்த காலத்தில் என்னிடம் திட்டு வாங்காத கம்பவுண்டர் கிடையாது. ஓய்வு பெற்றால் கோபம் குறையும் என்று வீட்டில் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நடக்கவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்து மருந்து சொல்லாதவர் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து இல்லை. பஸ்ஸில் போகும்போது, கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போது, கட்டைவிரலால் ஒரு ஆயின்ட்மென்ட் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பிராணி எங்கே இருக்கிறது, எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது, எதைக் குடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படித் தட்டிவிட்ட ஒரு மெசேஜால் ஒரு பச்சோந்தி சாகக் கிடந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குண்டடத்தில் வேலைக்குச் சேர்ந்து, மடத்துக்குளம், சாமளாபுரம் என்று சுற்றி, கடைசியில் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். இவ்வளவு வருடம் இருந்தும் இந்த ஊர்க்காரர்களின் மரியாதைப் பேச்சு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. இவர்கள் சண்டையில்கூட ‘ங்க’ போடுவார்கள். எனக்குக் கோபம் வந்தால் பிறந்த ஊர் வாய்க்கு வந்துவிடும்.

போன வருடம் ஒரு நாள் காலையில் போன் வந்தது.

“டாக்டரம்மா, நான் குண்டடம் சென்னியப்பன் பேசறனுங்க. நம்ம சிங்காரத்துக்கு ஒடம்பு நெம்ப மோசமா இருக்குதுங்க. செத்த வந்து பார்த்துட்டுப் போகோணுமுங்க.”

சென்னியப்பன் வீட்டு மாடுகளுக்கு நான் அந்தக் காலத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அவர் பிறகு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி ஆரம்பித்துப் பெரிய முதலாளி ஆகிவிட்டார். சிங்காரம் என்றதும் காளை என்று நினைத்துக்கொண்டேன்.

“தீனி எடுக்குதா?” என்று கேட்டேன்.

“வெட்டுக்கிளியப் போட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க.”

“வெட்டுக்கிளியா?”

“பச்சோணானுங்க, டாக்டரம்மா.”

நம்மூர் வேலியில் ஊரும் பச்சோந்தி இல்லை. அதைப் பிடித்து வளர்த்தால் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இது ஏமன் நாட்டு வகை, தலையில் கொண்டை வைத்தது. வெளிநாட்டுப் பிராணிகள் விற்கும் கடையில் அவர் மகன் பிரதீப் முறைப்படி வாங்கியிருந்தான். எதற்கு வாங்கினான் தெரியுமா? துணிக்கு ஆர்டர் தர வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, இங்கே ‘பையர்’ என்பார்கள், வேடிக்கை காட்ட. மாதிரித் துணிகள் மாட்டியிருக்கும் சாம்பிள் ரூமில் நிறம் மாறும் பிராணி ஒன்று இருந்தால் பையர் அசந்துபோவார் என்று அவனுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வந்த புதிதில் அதைச் சிவப்புத் துணியில் வைத்துச் சிவப்பாகிறதா, நீலத் துணியில் வைத்து நீலமாகிறதா என்று பார்த்திருக்கிறான். பச்சோந்தி பயத்திலும் கோபத்திலும் குளிரிலும் நிறம் மாறும். அது உங்கள் கலர் கார்டைப் பார்த்து மாறுவதில்லை. இதைக் கேட்ட இடத்திலேயே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது.

திருப்பூர்க் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது சென்னியப்பன் வாசலிலேயே நின்றார். மனிதர் இளைத்துவிட்டிருந்தார். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு கம்பெனியை மகன் எடுத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் தினமும் வருகிறார்; ஆனால் தையல் பக்கம் போனால் தூசி ஆகாது என்கிறார்கள், ஆபீஸ் பக்கம் போனால் மீட்டிங் நடக்கிறது என்கிறார்கள். சாம்பிள் ரூமில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. வேடிக்கை காட்ட வாங்கிய பச்சோந்தி மகனுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. அதற்குச் சிங்காரம் என்று பெயர் வைத்து, வெட்டுக்கிளி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது இவர்தான்.

“வாங்க, வாங்க” என்று கும்பிட்ட கையைக் கீழே இறக்கியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்து என் புடவைத் தலைப்பில் தொங்கிய ஒரு நூலை நறுக்கென்று வெட்டிவிட்டு, “பிசிறுங்க” என்றார்.

பனியன் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தைத்து முடித்த துணியில் அங்கங்கே நூல்முனை தொங்கும். அதுதான் பிசிறு. செக்கிங் டேபிளில் வரிசையாக உட்கார்ந்து கையளவுக் கத்தரியால் அதை வெட்டித் தள்ளுவார்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் பீஸ் திரும்பி வரும். முதலாளி ஆவதற்கு முன் சென்னியப்பன் தொழில் கற்றுக்கொண்டது அந்த டேபிளில்தான். அந்தக் கத்தரியை அவர் இன்றும் சட்டைப் பையில் வைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கொடியைப் பிடித்துக்கொண்டு சிங்காரம் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய தோல் வெள்ளையாகி, உரியாமல், கிழிந்த பேப்பரைப் பசை போட்டு ஒட்டியது மாதிரி உடம்பெல்லாம் ஒட்டியிருந்தது. கோபுரம் போல எழுந்து நிற்க வேண்டிய கண்கள் குழிக்குள் போயிருந்தன. வலது முன்கால் விரல்களைச் சுற்றிக் காய்ந்த தோல் வளையமாக இறுகி, நுனி வீங்கிக் கறுத்திருந்தது. விலாவில் ஓரிடத்தில் தோல் நேர்கோட்டில் வெட்டுப்பட்டு, அதன் முனையில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. தானாக உரியும் தோல் நேர்கோட்டில் கிழியாது.

“இது யாரு வெட்டுனது?”

“நாந்தானுங்க” என்றார், கொஞ்சம் பெருமையாகவே. “பிசிறாட்டத் தொங்குச்சுங்களே. பாத்துட்டு உடறதுக்கு மனசு வல்லீங்க. மெதுவாத்தான் புடிச்சு இழுத்து வெட்டுனனுங்க.”

“என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீக! அது துணியா? உசிரு இருக்கிற தோலைப் பிடிச்சு இழுத்திருக்கீகளே!”

சாம்பிள் ரூமில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் முதலாளியை நோக்கி யாரும் அப்படிக் கத்தியதில்லை போலிருக்கிறது. சத்தம் கேட்டு மகன் பிரதீப் வந்துவிட்டான். நல்ல பையன்தான், கும்பிட்டான், காபி சொல்லவா என்றான். அடுத்த வாக்கியத்தில் கெடுத்தான்.

“மேடம், நாளைக்குப் பையர் விசிட் இருக்குதுங்க. நாளைக்குள்ள அந்தத் தோலப் பூரா க்ளீன் பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

“இது என்ன, ஷிப்மென்ட்டா?” என்றேன்.

“இல்லீங்க மேடம். எங்க டாக்டருகிட்ட போட்டோ அனுப்பிச்சனுங்க. ஃபங்கஸ்னு சொல்லி ஆயின்ட்மென்ட் எழுதுனாருங்க. கேக்கலைன்னதும், மத்தியானம் வந்து மயக்க ஊசி போட்டு மொத்தமா உரிச்சு எடுத்துடலாம்னுட்டாருங்க. அப்பாதான் உங்களக் கூப்புடோணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

நான் அந்த டாக்டரின் நம்பரை வாங்கி அங்கிருந்தே போன் போட்டேன். அவர் உங்களைப் போன்ற ஒரு இளைஞர். குரலில் நல்ல படிப்பு தெரிந்தது.

“போட்டோல பாக்கறப்ப ஃபங்கஸ் மாதிரிதான் மேடம் இருந்துச்சு. ஒயிட் பேட்சஸ்.”

“தோல் உரிக்கிற பிராணிக்கு உரியுறதுக்கு முன்னால தோல் வெள்ளையாத்தான் ஆகும், தம்பி. கூண்டு எந்த ரூம்ல இருக்குன்னு கேட்டீகளா? யாராவது தண்ணி தெளிக்காங்களான்னு கேட்டீகளா?”

“அது… கேக்கல மேடம். அதான் நேர்ல வந்து தோலப் பீல் பண்ணி எடுத்துடலாம்னு…”

“இந்த உடம்புல மயக்க ஊசி தாங்குமா? தண்ணி வத்திக் கெடக்கு. உரிச்சா புதுத் தோலும் சேந்துல்லா வரும்! படிச்சுத்தான பட்டம் வாங்கினீக?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. இதைப் படித்துக்கொண்டிருந்தால், தம்பி, இப்போதும் சொல்கிறேன்: உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

இந்த இழுக்கும் ஆசையோடு நான் பட்ட பாடு இன்று நேற்று வந்ததில்லை. மடத்துக்குளத்தில் ஒரு வீட்டில் பசு கன்று போட்டிருந்தது. நஞ்சுக்கொடி விழாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஆள் அனுப்பிவிட்டு, நான் போய்ச் சேருவதற்குள் பொறுக்க மாட்டாமல் அதில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கனம் இழுத்தால் விழுந்துவிடும் என்று கணக்கு. நான் போனபோது கர்ப்பப்பையே வெளியே வந்து மண்ணில் கிடந்தது. முழங்கை வரை ரத்தமாகப் போராடினேன். பசு பிழைக்கவில்லை. செங்கல் கட்டியவர் அழுதுகொண்டே சொன்னார், “பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமுங்களா?” அந்த வாக்கியத்தை என் சர்வீஸ் பூராவும் கேட்டிருக்கிறேன். மாட்டின் காயத்தில் பேட்டரி மையைப் பூசியவர், வயிறு உப்பிய ஆட்டுக்குச் சாராயம் ஊற்றியவர், எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சும்மா இருக்க முடியாதவர்கள், அவ்வளவுதான்.

சிங்காரத்துக்கு வருகிறேன். பிராணியைப் பார்த்தது போதும் என்று அறையைப் பார்த்தேன். உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் என் உதடு வறண்டு இழுத்துக்கொண்டிருந்தது. ஏசி ஓடியது. மூலையில் இன்னொரு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் என்றார்கள். சாம்பிள் துணிகளில் பூசணம் பிடிக்காமலிருக்க. பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. கடல் மாதிரித் தண்ணீர் வைத்தாலும் பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது. இலையில் துளியாக நின்றால்தான் அதற்குத் தண்ணீர் என்று தெரியும். பெட்டியில் இருந்ததோ பிளாஸ்டிக் இலை, அதில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

இலைகளை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். ஏதோ சின்னச் சின்னதாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பாக்கெட்டுகள். உள்ளே கல் உப்பு மாதிரி மணிகள். புதுச் சட்டைப் பெட்டியில், செருப்புப் பெட்டியில் போட்டிருப்பார்களே, ஈரத்தை உறிஞ்சுவதற்கு, அந்த சிலிக்கா பாக்கெட். கொடிக்கு அடியில், இலைக்குப் பின்னால், மூலைக்கு மூலை செருகியிருந்தது. தண்ணீருக்கு ஏங்கும் பிராணியைச் சுற்றி ஈரத்தைக் குடிக்கும் பொருளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்! உள்ளங்கையில் அள்ளி பிரதீப்பிடம் நீட்டினேன்.  

பிரதீப் என்னைவிட வேகமாகச் சூடானான். அறையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணைப் பார்த்து, “ஏனுங்க, நீங்கதான இந்த ரூம் க்ளீன் பண்றீங்க? இத யாருங்க உள்ள போட்டது?” என்றான். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அந்தப் பெண்ணின் வேலை அந்த ‘ங்க’வில் தொங்கிக்கொண்டிருந்தது.  அவள் கண் ஒரு தடவை பெரியவர் பக்கம் போய்த் திரும்பியது.

“அந்தப் புள்ளயக் கேக்காத, பிரதீப்பு” என்றார் சென்னியப்பன். “நாந்தான் வெச்சேன்.”



“வெள்ள வெள்ளயா வந்துச்சுங்க, டாக்டரம்மா. பூசணம்னு நெனச்சுப்போட்டனுங்க. முன்னொருக்கா மழைக்காலத்துல அனுப்பிச்ச சரக்குப் பூரா பூசணம் புடிச்சுத் திரும்பி வந்துச்சுங்க. அன்னைல இருந்து வெள்ளயாக் கண்டாலே ஈரத்த எடுக்கோணும்னுதானுங்க தோணுது. அதுக்கோசரம் தண்ணி தெளிக்கறதயும் நிறுத்திப்போட்டனுங்க. அந்த டாக்டரும் ஃபங்கஸ்னுட்டாரு. செரி, நம்ம ரோசன செரிதான்னு இன்னும் நாலு பாக்கெட்டச் செருகுனனுங்க.”

இதைக் கேட்டதும் என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. அவர் தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்ததைச் செய்திருக்கிறார். துணிக்கு எதிரி ஈரம். வெள்ளைப் புள்ளி என்றால் பூசணம். தொங்கினால் பிசிறு. ஒரு பனியன்காரர் தன் உயிரைப் போல நினைத்த பொருளை எப்படிக் காப்பாற்றுவாரோ அப்படியே காப்பாற்றியிருக்கிறார். அவர் மனதில் ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தையும் நம்மாள் ஒருவர் போட்டோவைப் பார்த்துத் தீர்த்து வைத்துவிட்டார். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. துணிக்காரர் துணிக்காரராக யோசித்தார். டாக்டர் டாக்டராக யோசித்திருக்க வேண்டாமா?

பிரதீப் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்: “மேடம், இதுக்கு மேல அப்பா இதத் தொட வேண்டாமுங்க. நான் கடக்காரங்கிட்டயே திருப்பிக் குடுத்தர்றனுங்க. அவருக்கும் டென்ஷன் ஆகாதுங்க.”

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் கிடந்த நூல் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக்கூட எடுக்கவில்லை. கம்பெனி போய், மெஷின் சத்தம் போய், கேட்க ஆளில்லாமல் போய், மிச்சமிருந்தது இந்த ஒரு ஜீவன்தான். அதையும் இப்போது டென்ஷன் என்று பெயர் வைத்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு இரண்டு நோயாளிகள்.

நான் யோசிக்க எடுத்துக்கொண்டது கொஞ்ச நேரம்தான். பச்சோந்திக்கு வேண்டியது மருந்தில்லை. ஈரமான காற்றும், இலைமேல் துளித்துளியாகத் தண்ணீரும், தொந்தரவில்லாத நிழலும், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளும். கடைக்குப் போனால் அது இருபது கூண்டுக்கு நடுவில் இன்னொரு கூண்டு. வழியிலேயே செத்தாலும் சாகும்.

“வைத்தியம் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க” என்றேன். “இதுக்கு விட்டு விட்டு நாள் பூரா தண்ணி தெளிக்கணும். தெளிச்சுட்டு ஓரமா உக்காந்து பாக்கணும். வேற ஒரு வேலையும் கூடாது. போன் பேசக்கூடாது, மீட்டிங் போகக்கூடாது. அப்படி ஒரு ஆளு உங்க கம்பெனியில யாரு இருக்கா, பிரதீப்பு? நீங்க இருக்கீகளா?”

“எனக்கு எங்கீங்க நேரம், மேடம்?”

“நாள் பூரா சும்மா இருக்கிற ஆளு இங்க ஒருத்தருதான். அவருதான் மருந்து. எடுத்துட்டீகன்னா இது பிழைக்காது. அப்புறம் என்னைக் கூப்பிடாதீக.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வாக்கியம் என்று தெரிந்தது. சென்னியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “எங்க வெக்கோணும் சொல்லுங்க” என்றார்.

கேன்டீன் சுவரோரம் செம்பருத்திச் செடிகள் இருந்தன. தொட்டியில் இருந்த ஒன்றை நிழலுக்கு நகர்த்தி, காக்காய்க்குப் பயந்து சுற்றிலும் கொசுவலை கட்டி, சிங்காரத்தை ஒரு குச்சியோடு அப்படியே கொண்டுபோய் விட்டோம். அயர்ன் பண்ணும் பீகார்க்கார ஆள் ஓடிப்போய் ஒரு ஸ்பிரே பாட்டில் கொண்டுவந்து, “பானி ஹை மேடம், பானி” என்று நீட்டினார். தண்ணீர்தான். ஆனாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். துணியில் கறை எடுக்கும் மருந்து அதில் எப்போதோ இருந்திருக்கிறது, வாடை போகவில்லை. அதைத் தெளித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கி வரச் சொன்னேன். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பாருங்கள், பிள்ளைகளே. இதற்குப் பட்டம் வேண்டாம், மூக்கு போதும்.

நான் கை வைத்தது ஒரே ஓரிடத்தில். முன்காலை இறுக்கியிருந்த வளையம் காத்திருக்காது, விட்டால் கால் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து, அது ஊறி, அதுவாக இளகும் வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. பிறகு பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டினேன், வந்துவிட்டது. விலாக்காயத்தைச் சுத்தம் செய்து மருந்து வைத்தேன். மற்றபடி முதுகில், வாலில், கண்ணைச் சுற்றி ஒட்டியிருந்த எதையும் தொடவில்லை. எதைத் தொட வேண்டும் என்பதைக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள். எதைத் தொடக்கூடாது என்பதற்கு அங்கே பரீட்சை இல்லை, அதனால் நீங்கள் படிப்பதில்லை.

சென்னியப்பன் நாற்காலியைச் செடியோரம் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தார். விலாவில் அரைகுறையாக உரிந்த ஒரு கீற்று, காற்றில் ஆடியது. நான் அவர் கையைப் பார்த்தேன். அது தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“சென்னியப்பன்” என்றேன். “அந்தக் கத்தரியை இங்க குடுங்க.”

“எதுக்குங்க?”

“குடுங்க.”

பையைத் தடவினார். கொஞ்சம் யோசித்தார். எடுத்துக் கொடுத்தார். நான் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கை சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தது. கடைசியில் ஸ்பிரே பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உச்சி வெயில் சாயும் நேரத்தில் சிங்காரம் தலையை மெல்லத் திருப்பியது. பக்கத்து இலையில் ஒரு துளி நின்றது. வாயைக் கொஞ்சமாகத் திறந்து அதை நக்கியது. அடுத்த துளியையும் நக்கியது.

“குடிக்குதுங்க” என்றார் சென்னியப்பன். “டாக்டரம்மா, குடிக்குதுங்க.” அந்தப் பெரிய மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தால் அதையும் கோபம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் தோல் அதுவாகவே செம்பருத்திக் கிளையில் உரசி உரசிக் கழன்றது. கண் மேலெழுந்தது. முன்காலில் ஒரு விரல் நுனி மட்டும் காய்ந்து விழுந்துவிட்டது, கால் பிழைத்தது. சென்னியப்பன் காலையில் முதல் ஷிப்டோடு வந்து, செடியோரம் உட்கார்ந்தார் என்று கேள்வி. வந்து போகிறவர்கள் நின்று விசாரித்தார்களாம். கேன்டீனுக்குப் போகிற தையல்காரப் பெண்கள் முதலாளியிடம் பேசப் பயந்து கொசுவலையிடம் பேசினார்களாம், “சிங்காரம், சாப்பிட்டியா” என்று. அவர் அதன் சார்பில் பதில் சொல்வாராம். பையர் விசிட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் வந்தார், துணியைப் பார்த்தார், போனார். காலியாக இருந்த கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லையாம். அந்த ஒருவருக்காகத்தான் ஒரு உயிரின் தோலை மத்தியானத்துக்குள் உரித்துவிடப் பார்த்தார்கள்.

நேரம் இல்லை என்று உங்களிடம் எல்லாரும் சொல்வார்கள். நாளைக்குள் வேண்டும், இன்றைக்குள் வேண்டும், ஏதாவது ஊசி போடுங்கள் என்று தலைக்குமேல் நிற்பார்கள். ஒன்றும் செய்யாவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சொல்லட்டும். போய் இடத்தைப் பாருங்கள். கையை விட்டு இலைக்கு அடியில் தடவுங்கள். போட்டோவில் இலைக்கு அடி தெரியாது. அதற்கு மேலும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், அது பிராணிக்காகவா, நிற்கிறவர்களுக்காகவா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வாரம் கழித்து சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது. பின்னால் தையல் மெஷின் சத்தமும் கேன்டீன் பாத்திரச் சத்தமும் கேட்டன.

“டாக்டரம்மா, சிங்காரம் மறுபடியும் வெள்ளயாகறானுங்க.”

எனக்குப் பகீரென்றது. “என்ன செஞ்சீக?”

“ஒண்ணுமே பண்ணலீங்க. தண்ணி தெளிச்சனுங்க. வாலுகிட்ட நல்லாத் தொங்குதுங்க. பாத்துக்கிட்டுச் சும்மாதானுங்க உக்காந்திருக்கறேன்.”

என் சர்வீஸ் பூராவும் காத்திருந்த வாக்கியம் இப்படி ஒரு பனியன் கம்பெனி கேன்டீனிலிருந்து வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. “உங்க கத்தரி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. வந்து குடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டேன்.

போனில் ஸ்பிரே பாட்டில் இரண்டு தடவை சீறுவது கேட்டது.

“வேண்டாமுங்க, டாக்டரம்மா. அது அங்கயே இருக்கட்டுமுங்க. கை இன்னும் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதுங்க.”